பச்சைத் தண்ணி சுட்ட நாள்கள்

பெரிய மீனுடைய தலையை ஆசையாகத் தின்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவதோடு நின்றுபோன எழுத்து இது. மெதுவாகத்தான் வரும். அவசரப்படுகிறவர்கள் வேறு எதையாவது படிக்கலாம்.

நான் அஞ்சலை. மலேசியாவில் மெர்சிங் துறையிலிருந்து கிளம்புகிற ஒரு டைவிங் படகில் சமையல் என்னுடையது. சமையலுக்கு உதவி என்று என் சம்பந்தி வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். உதவி இல்லை. சமையல் என்னுடையது.

அந்தப் படகைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மீதி விளங்கும். சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் கடலுக்குள் மூழ்கிப் பார்க்கிறவர்கள் வருவார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு தூரத்துத் தீவுகளுக்குப் போவோம். அங்கே ஓட்டல் கிடையாது, கடை கிடையாது, போன் எடுக்காது. பாறையும் நாலு தென்னையும்தான். அதனால் தூக்கம், குளியல், சாப்பாடு எல்லாம் படகிலேயே. விடிந்ததும் காற்று அடைத்த டேங்கை, நாங்கள் தேங்கு என்போம், முதுகில் கட்டிக்கொண்டு குதிப்பார்கள். ஏறி வந்து பசியாறுவார்கள். மறுபடியும் குதிப்பார்கள். ஏறி வந்து தின்பார்கள். நாள் முழுக்க இதுதான். ஒரு பக்கம் தேங்குக்குக் காற்று அடிக்கிற மெஷின் கத்தும், இன்னொரு பக்கம் என் அடுப்பு.

ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிவிட்டு வந்தவனின் பசியைப் பார்த்து வளர்ந்தவள் நான். கடலுக்கு அடியில் போய் வந்தவனின் பசி அதைவிடக் கொடியது. ரப்பர் உடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட என் அடுப்படி வாசலில் வந்து நிற்பார்கள். அந்த உடுப்புக்குள்ளேயே மூத்திரம் போகிற ஆட்கள். அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள். "எட்டி நில்லு" என்பேன். டாக்டரோ வக்கீலோ, எட்டித்தான் நிற்பான்.

நான் ஒரு தடவைகூடத் தண்ணீருக்குள் தலையை வைத்ததில்லை. நீச்சல் தெரியாது. அதில் எனக்குக் குறையும் இல்லை.

அது மழைக்காலத்துக்கு முந்தின கடைசிப் பயணம். மழைக்காலக் காற்று ஆரம்பித்துவிட்டால் எங்கள் கடலில் படகு போகாது. மார்ச் மாதம் பிறந்தால்தான் மறுபடி. தீவுகளைச் சுற்றி நாங்கள் மீன் பிடிக்கக் கூடாது, சட்டம். ஆனால் வெளிக்கடலில் மீன்பிடிப் படகுகள் எங்களைப் பார்த்தால் பக்கத்தில் வரும். அவர்களுக்கு அரிசியும் குளிர்பானமும் கொடுப்போம், அவர்கள் மீன் கொடுப்பார்கள். அன்றைக்கு வந்தது ஒரு ஈக்கான் மேரா. சிவப்பு மீன். தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

எங்கள் படகை ஓட்டுகிற தேக்கோங், பாக் லோங் என்று கூப்பிடுவோம், மலாய்க்காரர். என்னை அக்கா என்கிற மாதிரி காக் என்பார். அந்த மீனைப் பார்த்துவிட்டு, "காக் அஞ்சலை, உங்களுக்கு இன்னைக்குத் திருவிழா" என்றார்.

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் படகில் ஒரு வழக்கம். சதை விருந்தாளிக்கு. தலையும் ஈரலும் அடுப்படிக்கு. பாக் லோங்குக்குக் காலில் யூரிக் வலி, மீனையே தொடமாட்டார். ஆக, அடுப்படி என்றால் நான்தான். கரையில் மீன் தலைக் கறிக்குக் கடை கடையாக அலைகிற ஊர் இது. எனக்கு அது உட்கார்ந்த இடத்துக்கு வந்தது. சதையை மிளகாய் அரைத்த சம்பால் போட்டுப் பொரித்துப் பதினோரு பேருக்கும் வைத்தேன். தலையைக் கத்தரிக்காய், வெண்டிக்காய் போட்டுப் புளியில் கொதிக்கவிட்டேன். ஈரலை மஞ்சள் தடவி வதக்கினேன். எல்லாரும் மத்தியானக் குதிப்புக்குப் போன பிறகு, மெஷின் சத்தமும் அடங்கின நேரத்தில், தனியாக உட்கார்ந்து கண் முதற்கொண்டு உறிஞ்சிச் சாப்பிட்டேன். அதைவிட நல்ல கறி நான் வைத்ததில்லை. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

பொழுது சாயும்போது எனக்கு வாந்தி. பிறகு வயிறு. படகில் கக்கூஸ் இரண்டே இரண்டு. வெளியே வந்து பார்த்தால் எனக்குப் பின்னால் வரிசை நிற்கிறது. விருந்தாளிகளில் பாதிப் பேர். அவர்களுடைய தலைவன் வில்சன், சிங்கப்பூர்ச் சீனன், எல்லாருக்கும் டைவிங் சொல்லிக்கொடுக்கிறவன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்கு வாந்தியைவிட மோசமாக இருந்தது.

மறுநாள் காலை கரைக்குத் திரும்பினோம். விருந்தாளிகள் வேனில் ஏறிப் போய்விட்டார்கள். எனக்கு உதடு மரத்தது, விரல் நுனியெல்லாம் ஊசி குத்தினது. போகட்டும் என்று பாத்திரத்தைக் கழுவினேன். மிச்சக் கோழியை எடுக்க ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டேன். கொதிக்கிற எண்ணெயில் விட்டதுபோல இருந்தது. கையை இழுத்துப் பார்த்தேன். கை நன்றாகத்தான் இருக்கிறது. மறுபடி விட்டேன். மறுபடியும் சுட்டது. ஐஸ் சுடுகிறது. எழுந்து நிற்கப் பார்த்தேன், கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்புறம் எனக்குத் தெரிந்தது பாக் லோங்கின் லாரியுடைய கூரைதான்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் தண்ணீர் ஏற்றினார்கள். நெஞ்சில் ஒட்டு ஒட்டாக வைத்து வயர் மாட்டிப் படம் எடுத்தார்கள். அதற்கு ஈசிஜி என்று பேர்; நெஞ்சு எப்படித் துடிக்கிறது என்பதைத் தாளில் கோடாகப் போட்டுக்காட்டும். என் கோடு ரொம்ப நிதானமாகப் போனதாம். நிதானம் எனக்குப் பழக்கம்தான், ஆனால் நெஞ்சு அவ்வளவு நிதானமாகப் போகக்கூடாது என்றார்கள். துடிப்பை ஏற்றுகிற ஊசி ஒன்று போட்டு, ஆம்புலன்சில் ஜொகூர் பாருவில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

என் மகள் தேவி அந்த ஊருக்குப் பக்கத்தில் செனாயில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வேலை உடுப்போடு எனக்கு முன்னாலேயே அங்கே வந்து நின்றாள்.

"அம்மா, வாய் கோணுதா? சிரிங்க பார்ப்போம்."

"எதுக்குச் சிரிக்கணும்?"

"ஸ்ட்ரோக்கான்னு பார்க்கிறாங்கம்மா. சிரிங்களேன்."

"சிரிக்கிற மாதிரி என்ன நடந்துச்சு?"

இளம் டாக்டர் ஒருத்தி, நூருல் என்று பேர், அவளும் மலாயில், சித்தி என்கிற மாதிரி மாக்சிக் என்று கூப்பிட்டுக் கெஞ்சினாள். "மாக்சிக், ஒரே ஒரு தடவை." தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. கடைசியில் மருமகன் அருள், கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "அத்தை சிரிச்சு நான் கல்யாணத்துலகூடப் பார்க்கலையே" என்றான். அதற்கு வந்துவிட்டது. வாய் கோணவில்லை. இருந்தாலும் மூளையைச் சுற்றிப் படம் எடுக்கிற குழாய்க்குள் என்னை விட்டார்கள். அந்த மேசை சில்லென்று இருந்தது. அதாவது மற்றவர்களுக்குச் சில்லென்று. எனக்கு முதுகு முழுக்க வெந்தது. அசையக்கூடாது என்றார்கள். அசையாமல் எப்படி இருப்பது? அழுதுவிட்டேன். எதற்கு அழுகிறேன் என்று யாருக்கும் புரியவில்லை. "சுடுது, சுடுது" என்றேன். தேவி வெளியே போய் அருளிடம், "அம்மாவுக்கு மூளை குழம்பிடுச்சு" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். வலியைச் சொன்னால் ஜனங்கள் நம்புவார்கள். பச்சைத் தண்ணி சுடுகிறது என்றால் நம்பமாட்டார்கள். நர்ஸ் ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தாள், சூடு போட்டதுபோல இருந்தது. கட்டில் கம்பியில் கை பட்டால் எரிந்தது. ஏர்கோன் காற்று வந்தால் எரிந்தது. கொதிக்கிற காப்பியோ சூடே தெரியாமல் உள்ளே போனது. பல்லெல்லாம் ஆடுகிற மாதிரி ஒரு நினைப்பு; விரலால் தொட்டால் உறுதியாகத்தான் இருக்கிறது. நாலு பல்தான் மிச்சம், அதையும் நம்ப முடியவில்லை. உள்ளங்காலில் எறும்பு ஊறும். சொறிந்தால் கைக்குப் போகும். கையைச் சொறிந்தால் முதுகுக்குப் போகும். படுத்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் நடக்கத் தோன்றும். தண்ணீர் ஏற்றுகிற கம்பத்தைத் தள்ளிக்கொண்டு வார்டை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அளந்தேன். பக்கத்துக் கட்டில் மலாய்க்கார அம்மா, "உங்களைப் பார்த்தே எனக்குக் கால் வலிக்குது" என்று சொன்னார். கண்ணை மூடினாலும் தூக்கம் வராது. வார்டில் எல்லாரும் தூங்குவதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம்தான் வரும்.

மறுநாள் டாக்டர் நூருல் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததே எனக்குப் பிடித்தது. மற்றவர்கள் நின்றுகொண்டே கேட்டுவிட்டுப் போவார்கள்.

"மாக்சிக், ஐஸ் சுட்டுச்சுன்னு சொன்னீங்களாமே. எப்பலேர்ந்து?"

சொன்னேன்.

"அதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டீங்க?"

"மீன்."

"என்ன மீன்? எவ்வளவு பெரிசு?"

கையை விரித்துக் காட்டினேன். ஊசி குத்தின கை முழுக்க விரியவில்லை. எழுந்து நின்று, கட்டிலின் இந்தக் காலிலிருந்து பாதிக் கட்டில் வரை காட்டினேன். அவள் எழுதுவதை நிறுத்தினாள்.

"அதுல எந்தப் பாகம் நீங்க சாப்பிட்டீங்க?"

"தலை. ஈரல். அது என்னோடது. யாருக்கும் கொடுக்கமாட்டேன்."

அவள் பேனாவை மூடிவிட்டு, இதற்கு சிகுவாத்தேரா என்று பேர் என்றாள். அவள் சொன்னதை எனக்கு விளங்கின மாதிரி சொல்கிறேன். பவளப்பாறைமேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாசி மாதிரி வளரும். அதில் ஒரு விஷம். சின்ன மீன் அதை மேயும். சின்ன மீனைப் பெரிய மீன் தின்னும். விஷம் வெளியே போகாது, சேர்ந்துகொண்டே இருக்கும். மீனுக்கு ஒன்றும் ஆகாது. கிழட்டு மீனில் அதிகம். தலையிலும் ஈரலிலும் குடலிலும் முட்டையிலும் இன்னும் அதிகம். மணம் மாறாது, ருசி மாறாது. வேகவைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது, ஐஸில் போட்டாலும் போகாது. உள்ளே போய் நரம்பைப் பிடித்துக்கொள்ளும். சூடு எது குளிர் எது என்று நரம்புக்குக் குழம்பிவிடும். மாற்று மருந்து என்று ஒன்றும் கிடையாது. தண்ணீர் ஏற்றி, நெஞ்சைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதுவாக இறங்கும். சிலருக்கு வாரக்கணக்கு, சிலருக்கு மாதக்கணக்கு.

"அப்ப நான் சமைச்சதுல தப்பு இல்ல?"

"யார் சமைச்சிருந்தாலும் இதேதான் மாக்சிக்."

தேவி பக்கத்தில்தான் நின்றாள். அவள் காதில் விழுந்ததா என்று திரும்பிப் பார்த்தேன். விழுந்தது. ஆனால் அவள் முகத்தில் நிம்மதிக்குப் பதில் வேறு ஏதோ இருந்தது. அது என்ன என்று அன்றைக்குச் சாயங்காலம் தெரிந்தது.

படகு முதலாளி, நாங்கள் தவுக்கே என்போம், தேவிக்குப் போன் செய்திருக்கிறார். வில்சன் கூட்டம் சிங்கப்பூரிலிருந்து புகார் சொல்லியிருக்கிறது, அடுப்படி அழுக்கு, சமையல்காரி கிழவி என்று. தவுக்கே நல்லபடியாகத்தான் கேட்டிருக்கிறார்: அம்மா அடுத்த சீசனுக்கு வருவார்களா? இவள் என்ன சொல்லியிருக்கிறாள் தெரியுமா? "இல்ல, அம்மா இனி கடலுக்கு வரமாட்டாங்க."

"உன்னை யார் கேட்டது?" என்றேன்.

"என்னைத்தான் கேட்டாங்க. நீங்க அப்ப குழாய்க்குள்ள இருந்தீங்க."

"வெளிய வர்ற வரைக்கும் இருக்கச் சொல்லியிருக்கலாம்ல?"

"அம்மா, நெஞ்சு நின்னு போயிருக்கும்மா. அங்க நடுக்கடல்ல நின்னிருந்தா? டாக்டர் இருக்கா அங்க? போனாவது எடுக்குமா?"

"அழுக்குன்னு சொன்னானா அந்தப் பய?"

"அதுவா இப்ப முக்கியம்?"

எனக்கு அதுதான் முக்கியம். உயிர் போனால் போனதுதான். அழுக்குச் சமையல்காரி என்று பேர் எடுத்துக்கொண்டு செனாயில் பின்னறையில் உட்கார்ந்து டிவி பார்ப்பதா? நான் முகத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பிக்கொண்டேன். அன்றிலிருந்து ஆஸ்பத்திரியை விடும்வரை அவளிடம் பேசவில்லை.

பேசாவிட்டாலும் அவள் வந்தாள். வேலை முடிந்து, அந்த நெரிசலில் காரை ஓட்டிக்கொண்டு தினமும் வந்தாள். அரிசிக் கஞ்சியை பிளாஸ்கில் கொண்டுவருவாள். ஆஸ்பத்திரிக் கரண்டி என் உதட்டில் பட்டால் எரிகிறது என்று முதல் நாளே கவனித்துவிட்டாள். அதனால் வந்தவுடனே கரண்டியை உள்ளங்கையில் வைத்து இறுக்கி மூடிக்கொள்வாள். பத்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருப்பாள். அது உடம்புச் சூட்டுக்கு வந்த பிறகுதான் ஊட்டுவாள். கட்டில் கம்பி முழுக்கப் பழைய கைலியைக் கிழித்துச் சுற்றினாள். நர்ஸ் சத்தம் போட்டாள். "எங்கம்மாவுக்குச் சுடுதுங்க" என்றாள் இவள், பாஸிடம் பேசுகிற குரலில். நர்ஸ் விட்டுவிட்டாள். அருள் சிங்கப்பூரில் வேலை முடிந்து வரும்போது கம்பளிக் காலுறை வாங்கிவந்தான். குளிர்நாட்டுக்குப் போகிறவர்கள் போடுவதாம். ஜொகூரில் அதைப் போட்டுக்கொண்டு வார்டு வார்டாக நடந்தவள் நான் ஒருத்திதான் இருப்பேன். பில் என்ன ஆகும் என்று நான் கேட்டபோது, "கவர்மெண்ட் ஆஸ்பத்திரி அத்தை, என் தலைமுடி வெட்டுற காசு" என்றான். அவனுக்குத் தலையில் முடி குறைவு. அதனால் நம்பினேன்.

சுகாதார இலாகாவிலிருந்து ஒருவன் வந்தான். பல பேருக்கு ஒரே சாப்பாட்டில் வயிறு கெட்டால் விசாரிக்க வேண்டுமாம். சின்ன வயசு, கழுத்தில் அட்டை.

"சமைக்கிறதுக்கு முன்னாடி கை கழுவுவீங்களா, மாக்சிக்?"

அவன் கையைப் பார்த்தேன். "நீ?" என்றேன்.

பக்கத்துக் கட்டில் அம்மா போர்வைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். அவன் நல்ல பையன்தான், கோபிக்கவில்லை. டாக்டரிடம் பேசிவிட்டு, பாக் லோங்கையும் கேட்டுவிட்டு, விஷம் மீனில் இருந்தது, சமையலில் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனான். அதைத் தவுக்கேக்கும் சொல்லும்படி நான் மூன்று தடவை கேட்டுக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் தேவி தன் போனை என் காதில் வைத்தாள். முதலில் ஒரு துணியைச் சுற்றி, பிறகு வைத்தாள்.

"ஆண்ட்டி, வில்சன்." அவனுக்கு மலாய் அரைகுறை, எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. "எனக்கு ஐஸ் காப்பி குடிச்சா நாக்கு எரியுது. உங்களுக்கும் அப்படியா?"

"எனக்கு உடம்பே எரியுது."

"டாக்டர் சொன்னார், மீன்தானாம். சாரி ஆண்ட்டி. நான் தவுக்கேகிட்ட என்னென்னமோ சொல்லிட்டேன்."

"எத்தனை துண்டு சாப்பிட்ட?"

"மூணு."

"மூணாவது துண்டு எடுக்கும்போது அடுப்படி அழுக்காத் தெரியலியா?"

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. ஆனால் ஒன்று சொன்னேன், அது அவனுக்குத் தெரியட்டும் என்று. தலையை நான் உங்களுக்குப் பரிமாறியிருந்தால், தேங்கைக் கட்டிக்கொண்டு குதித்தவர்களில் எத்தனை பேருக்குத் தண்ணீருக்கு அடியில் நெஞ்சு நிதானமாகப் போயிருக்கும், யோசித்துப் பார். அவன் யோசித்திருப்பான் போல. "ஆமா ஆண்ட்டி" என்று மட்டும் சொன்னான்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் நூருல் சொன்னாள்: ஆறு மாதத்துக்கு எந்த மீனும் கூடாது, சின்னதோ பெரிசோ. கருவாடு கூடாது, பெலாச்சான், அந்த இறால் விழுதுகூட வேண்டாம். கடலை, கொட்டை வகை கூடாது. தின்றால் நரம்பு மறுபடி கிளம்பும்.

நான் கேட்டேனா? மீன் விஷயத்தில் கேட்டேன். கடலை விஷயத்தில், கடலைக்கும் மீனுக்கும் என்ன உறவு என்று நினைத்தேன். தீபாவளிக்கு வந்தவர்கள் கொண்டுவந்த கச்சாங் பூத்தே என்கிற கடலைக் கலவையில் ஒரு பிடி. அவ்வளவுதான். மறுநாள் உதடு மரத்து, கால் ஊர்ந்து, குளியலறைத் தரை அடுப்புத் தட்டுபோல ஆகிவிட்டது. திரும்பவும் அதே வார்டு, அதே ஒட்டு, அதே வயர். டாக்டர் நூருல் திட்டவில்லை. "யார் கொடுத்தாங்க, மாக்சிக்?" என்றாள். "நானே எடுத்தேன்" என்றேன். இந்தத் தடவை சீக்கிரம் விட்டுவிட்டார்கள். ஆனால் தேவிக்கு அது போதும். "ஒரு பிடி கடலையை விட முடியல. நீங்க கடலுக்குப் போகப் போறீங்களா?" என்றாள்.

மழை பிடித்துக்கொண்டது. செனாய் வீட்டில் நடக்க இடம் இல்லை. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடந்தேன். மேலே விமானம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன், அதில் எனக்கு என்ன வேலை என்று தெரியாமலே. பாக் லோங்குக்குப் போன் போட்டு, படகைக் கரையில் ஏற்றிவிட்டார்களா, அடுப்படிப் பலகை மாற்றுகிறார்களா என்று கேட்டேன். "நேத்துதானே கேட்டீங்க, காக்" என்பார். தேவி வேலைக்குப் போன பிறகு சமைத்தேன். நாங்கள் மூன்று பேர். சட்டியை இறக்கிப் பார்த்தால் பதினைந்து பேருக்கு இருக்கும். கை அந்த அளவில்தான் அரிசி அள்ளும். மிச்சத்தைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தோம். தெருவே எங்கள் வீட்டுக் குழம்பைத் தின்றது.

ஒரு நாள் தேவி வேலையிலிருந்து வந்து, அந்தப் பெரிய சட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அங்க என்னம்மா இருக்கு?"

கழுவின கரண்டியையே மறுபடி கழுவினேன். வெந்நீரில்தான்.

"இங்க நீ பசிச்சா ஃபிரிட்ஜைத் திறக்கிற," என்றேன். "அங்க பசிச்சா எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பாங்க."

அவள் உடுப்பு மாற்றப் போனாள்.

மாசி மாதம் பாக் லோங் செனாய்க்கே வந்தார். படகுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது, முதல் பயணத்துக்கு வில்சன் கூட்டம்தான் வருகிறது என்றார். டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டே தரையைப் பார்த்தார்.

"தவுக்கே ஒரு பையனைப் பார்த்து வச்சிருக்கார். அவனுக்கு மெகி நூடுல்ஸ் வேகவைக்கத்தான் தெரியும். வில்சன் ஒத்துக்கலை. ஆண்ட்டி வந்தாத்தான் வருவோம்கிறான்."

"வர்றேன்னு சொல்லுங்க."

"காக், ஐஸ் பெட்டியில கை வைக்க முடியுமா?"

பொய் சொல்ல வாய் வந்தது. வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து கோழியை எடுக்கவே அப்போதும் எனக்குக் கையுறை இரண்டு வேண்டும். அவருக்குத் தெரியாது. தேவிக்குத் தெரியும்.

"மீன் கறியை ருசி பார்க்க முடியுமா?" என்றார் அவர். "தவுக்கே கண்ட மீனையும் வாங்கமாட்டார். பெரிய பாறை மீன் இனிமே படகுல ஏறாது, அவர் சொல்லிட்டார். சந்தையில வாங்கின கெம்போங் மாதிரி சின்ன மீன்தான். ஆனா உங்களுக்கு அதுவும் ஆகாதே. ருசி பார்க்காம எப்படி? கூட ஒரு ஆள் இருந்தா தவுக்கே சரிம்பார்."

"ஆள் கிடையாது. எனக்கு ஆள் தேவையும் கிடையாது."

தேவி சமையலறையிலிருந்து வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"எனக்கு லீவு இருக்கு," என்றாள். "முதல் பயணத்துக்கு மட்டும். நெஞ்சு ஒழுங்கா இருக்குன்னு டாக்டர் சொல்லணும். போன் எடுக்காத இடத்துல நான் கூட இருப்பேன். அப்புறம் நான் முடிவு சொல்வேன்."

"நீயா முடிவு சொல்றது?"

"ஆமா."

பாக் லோங் டீயைக் கீழே வைத்துவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் நூருல் ஒட்டு போட்டுக் கோட்டைப் பார்த்தாள். "கோடு நல்லா இருக்கு, மாக்சிக். ஆனா வாய்க்குள்ள மீன் போகக் கூடாது. ஒரு சொட்டுக் குழம்புகூட" என்றாள்.

படகு கிளம்பின முதல் நாள் முழுக்கத் தேவி வாந்தி எடுத்தாள். கடல் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முகம் வெளிறிப்போய், என் அடுப்படி வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் வாளியோடு உட்கார்ந்திருந்தாள். நான் சொல்லச் சொல்ல எழுந்து போய் ஐஸ் பெட்டியில் கையை விட்டுக் கோழியை எடுத்துக் கொடுத்தாள், உட்கார்ந்தாள், மறுபடி வாளியைப் பிடித்தாள். போய்ப் படு என்றேன். போகவில்லை. பிடிவாதம். யாருடைய மகள்.

இரண்டாம் நாள் மத்தியானம் கெம்போங் குழம்பு. ஆட்கள் எல்லாம் தண்ணீருக்குள் இருந்தார்கள். படகைச் சுற்றி அவர்கள் மூச்சுவிட்ட குமிழிகள் மேலே வந்து வந்து உடைந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்து அவள், "இவ்வளவு பேரும் கீழயா இருக்காங்க?" என்றாள். "ஆமா, இப்ப ஏறிடுவாங்க. சீக்கிரம் பாரு" என்று கரண்டியில் கொஞ்சம் குழம்பு எடுத்து ஊதி நீட்டினேன்.

மீன் வாடைக்கு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வாங்கி வாயில் வைத்தாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லப்போகிறதைக் காத்துக்கொண்டு நின்றேனே, அப்படி.

"உப்பு பத்தலம்மா."

"என்னது?"

"பத்தல. புளி முன்னாடி நிக்குது."

என் குழம்பில் உப்பு பத்தவில்லை என்று இந்த வயசுவரைக்கும் ஒருவரும் சொன்னதில்லை. அவளுடைய அப்பாகூடச் சொன்னதில்லை, சொல்லிவிட்டு அவர் எங்கே போய்ச் சாப்பிடுவது? உனக்கு வாந்தி எடுத்த நாக்கு என்று சொல்ல வந்தேன். அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், படகு ஆட ஆட. வாயைத் துடைக்காமல், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டு. அவளுக்கும் என் முகம்தான் வேண்டியிருந்தது.

பின்பக்கம் ஏணியில் முதல் ஆள் ஏறுகிற சத்தம் கேட்டது.

உப்பு டப்பாவை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"நீயே போடு" என்றேன்.